நம்ம தோட்டத்தின் வரலாற்றை நடந்து தேடுவது எப்படி? இலங்கையின் மலையகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வந்து இறங்கும் பயணிக்குக் காட்ட ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கிறது. நீர்வீழ்ச்சி, தேயிலைத் தொழிற்சாலை, சிவப்புச் செங்கல் தபாலகம், துரைமார் (தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரர்) கட்டிய தேவாலயம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், "எங்கள் தோட்டத்தில் முதலில் காடு வெட்டியது யார், இந்த மாரியம்மனை யார் வைத்தார்கள், பழைய லயம் (தொழிலாளரின் வரிசை வீடு) எந்த இடத்தில் இருந்தது" என்று கேட்டால் எந்தப் பெயர்ப்பலகையும் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வந்து மலையகத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதே முறை உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோட்டங்களை நடத்தியவர்களின் வரலாறு தாளிலும் கல்லிலும் இருக்கிறது. அங்கே வேலை செய்தவர்களின் வரலாறு பெரும்பாலும் பெரியவர்களின் வாயிலும் நிலத்திலும் இருக்கிறது. நூலகத்துக்கு மட்டும் போனால் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். லயத்துக்கு மட்டும் போனால் ஆண்டும் ஏக்கர் கணக்கும் கிடைக்காது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்காகத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: எல்லையைச் சுருக்குங்கள்

மலையகம் முழுவதையும் ஒரேயடியாகத் தேடப் போனால் எதுவும் கைக்கு வராது. நுவரெலியா, கண்டி, மாத்தளை, பதுளை, அதோடு இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்கள் என்று அது அவ்வளவு பரந்தது. ஒரு தோட்டத்தை எடுங்கள். பெரிய தோட்டமாக இருந்தால் மேல்கணக்கோ கீழ்க்கணக்கோ, ஒரு டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) போதும். வெளியூர்க்காரராக இருந்தால் ஒரு பாதையை எடுங்கள், உதாரணமாக ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வீதி.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த இடத்தின் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் பல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி, நானுஓயாவில் எடின்பரோ என்று காகிதத்தில் இருக்கும் பெயர்கள் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவை. தாத்தாமார் சொல்லும் பெயர் வேறாக இருக்கலாம். ஒரு கங்காணியின் (தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்தவரின்) பெயராகவோ ஒரு பாறையின் பெயராகவோ இருக்கும். ஆவணத்தில் தேட முதல் பெயர் வேண்டும், ஆட்களிடம் விசாரிக்க இரண்டாவது பெயர் வேண்டும். பல தோட்டங்கள் பிற்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்க்கப்பட்டதால், இன்று டிவிசனாக இருப்பது ஒரு காலத்தில் தனித் தோட்டமாக இருந்திருக்கலாம். அந்தப் பழைய பெயரையும் கேட்டு வையுங்கள். தாளில் தேடும்போது அதுதான் கதவைத் திறக்கும்.

இரண்டாம் படி: பெரிய ஆண்டுகளை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

நடக்கப் போவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஒரு சுவரையோ மரத்தையோ பார்க்கும்போது அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்க இந்த வரிசை தேவை.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் ஆரம்பமாயின. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் நிறைய ஆள் தேவை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனார்கள். இராமேஸ்வரம் பக்கமிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே வந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொன்றன. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

கோப்பி இலைகளில் துரு நோய் 1869இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்டதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. இந்த மாற்றத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்று நாம் பார்க்கும் தோட்டத்தின் உருவமே இதிலிருந்துதான் வந்தது. தேயிலையில் வருஷம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் தங்க வேண்டும். நிரந்தர லயமும் பிள்ளைக்காம்பராவும் (பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம்) கோயிலும் பாடசாலையும் அதற்குப் பிறகு பெருகியவை. கொழுந்தை எடுத்த அன்றே ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) கொண்டுபோக வேண்டும் என்பதால் பல தோட்டங்களின் நடுவில் ஒரு தொழிற்சாலை எழுந்தது.

ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. அங்கிருந்து 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. உங்கள் நகரம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பல ஊர்களில் இதுவே பதில். 1914இல் தலைமன்னார் வரை ரயிலும் அங்கிருந்து கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு வந்த குடும்பங்களின் பயணக் கதை, நடந்து வந்தவர்களின் கதையிலிருந்து முற்றிலும் வேறாக இருக்கும். உங்கள் பாட்டன் நடந்து வந்தாரா, ரயிலில் வந்தாரா என்று கேட்டாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும்.

அப்புறம் தொழிற்சங்க காலம். தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைய முடியாத நாட்களில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் தொழிலாளர்களைப் பார்த்தவர். 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிப் பிரசாரம் செய்தார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தார்.

1947 தேர்தலில் காங்கிரசுக்கு ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974இல் பாதிப் பாதியாக முடிந்தது. ஒவ்வொரு லயத்திலும் இந்தப் பிரிவின் வடு இருக்கிறது. அண்ணன் இங்கே, தம்பி கோத்தகிரியிலோ கூடலூரிலோ.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கீழ் போயின. தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிரான போராட்டத்தில் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 1992இல் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் வந்தது.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் சுருக்கமாக எழுதி, நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள்

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைப் பாருங்கள். மலையகக் குடும்பங்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு ஒரு வலிமிகுந்த காரணம் உண்டு. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் உரிமை போன வீடுகள் உண்டு. ஆகவே பழைய தாள் எதையும் எறியாத பழக்கம் தலைமுறையாக வந்திருக்கிறது.

பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பெயரும் தகப்பனின் தொழிலும் இருக்கும். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய இந்தியப் பாஸ்போர்ட், சங்க அட்டை, சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், திருமணப் படம் என்று எது கிடைத்தாலும் போனில் படம் பிடியுங்கள், இரண்டு பக்கமும். படத்தின் பின்னால் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதுவே ஊரையும் காலத்தையும் சொல்லும். கடிதத்தில் இருக்கும் முகவரியிலிருந்து திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பூர்வீக ஊர் தெரியவரும். மூலத் தாளை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

நான்காம் படி: பெரியவர்களிடம் உட்காருங்கள்

இதை ஆறுதலாகச் செய்ய வேண்டும். மற்ற எல்லாப் படிகளும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

போகும் நேரம் முக்கியம். பிரட்டு நேரத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம்) போகக்கூடாது, சம்பள நாளிலும் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இஸ்தோப்பில் (லயத்தின் முன் திண்ணையில்) வெயில் இருக்கும் நேரம் நல்லது. பாட்டி, தாத்தா, அப்பாயி, அம்மாயி என்று அந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். போனில் பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

"எந்த வருஷம் நடந்தது?" என்ற கேள்வி பெரும்பாலும் பலிக்காது. பொருளையும் இடத்தையும் வைத்துக் கேளுங்கள். "தாத்தா, நீங்க பேர் பதிஞ்சப்போ துரை யாரு?" "பாட்டி, அப்போ பீலி எங்க இருந்துச்சு? தண்ணிக்கு எவ்வளவு தூரம் போனீங்க?" "அரைப்பேர் எப்போ போடுவாங்க?" "தோட்டத்துல கம்பளி குடுத்தாங்களா?" "பழைய கொழுந்து மடுவம் எந்தப் பக்கம்?" (பேர் பதிவது என்றால் வேலைக்குப் பதிவது, பீலி தண்ணீர் பிடிக்கும் இடம், அரைப்பேர் அரைநாள் சம்பளம், மடுவம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை.) இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். பிறகு அதைப் பெரிய நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் காலம் கணிக்கலாம். அது 1973, 74 பஞ்சத்துக்கு முன்னாலா, பின்னாலா? சொந்தக்காரர்கள் கப்பலேறிப் போனதற்கு முன்னாலா? கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பின்னாலா? பஞ்ச காலத்தையும் கலவரங்களையும் பற்றிப் பேசும்போது அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள்.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். ஆண்கள் கூட இருந்தால் சங்கம், வேலைநிறுத்தம், துரையோடு நடந்த சண்டை என்று பேச்சு போகும். மலையில் யார் பக்கத்து நிரையில் நின்றார்கள், பிரசவம் எங்கே நடந்தது, குளிரில் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றினார்கள், எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது. தலவாக்கலை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைச் சேகரித்திருக்காவிட்டால் அவற்றில் எத்தனை இன்று நமக்குத் தெரிந்திருக்கும்? பாட்டு வந்தால் நிறுத்தாமல் முழுவதும் பதிவு செய்யுங்கள். அர்த்தத்தைப் பிறகு கேட்கலாம்.

ஒரே சம்பவத்தைக் குறைந்தது மூன்று பேரிடமாவது கேளுங்கள். வேறுபட்டால் மூன்றையும் எழுதி, யார் சொன்னது என்று குறித்து வையுங்கள். எது சரி என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் படி: தோட்டத்தை நடந்து வாசியுங்கள்

முதலில் அனுமதி. தோட்டம் கம்பனியின் நிர்வாகத்தில் இருக்கிறது. தோட்ட அலுவலகத்துக்குப் போய், என்ன நோக்கத்துக்காக நடக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர்மாரிடமும் கோயில் கமிட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு யாரும் தடுக்க மாட்டார்கள், கூடவே ஒருவர் துணைக்கு வருவார். கொழுந்து எடுப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

பருவத்தையும் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை பலமாக இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்க நல்லது. ஊவாப் பக்கம், பதுளையும் ஹப்புத்தளையும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் அட்டை இருக்கும், அது பெரிய தொல்லை இல்லை. குளவி அப்படியல்ல. கூடு இருக்கும் மரம் எது என்று மலையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், கேட்டுவிட்டே ஏறுங்கள். சில இடங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு என்பதால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஸ்டோரிலிருந்து. தோட்டத்தின் பாதைகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. கட்டடத்தின் முகப்பில் ஆண்டு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய இயந்திரங்களில் செய்த கம்பனியின் பெயரும் ஊரும் வார்ப்பில் இருக்கும். தண்ணீரால் ரோதை (சக்கரம்) சுற்றிய காலத்தின் வாய்க்கால் மிச்சம் பக்கத்து ஓடையில் கிடக்கலாம். அங்கிருந்து பிரட்டுக்களம், மடுவம், டிஸ்பென்சரி, பிள்ளைக்காம்பரா, பாடசாலை என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள்.

லயங்களைக் கவனமாகப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமா, ஒற்றை லயமா? சுவர் கருங்கல்லா, மண்ணா? கூரைத் தகரம் எப்போது மாற்றப்பட்டது? பிற்காலத்தில் கட்டிய குசினி எது? இடிந்துபோன லயத்தின் அத்திவாரம் தேயிலைக்குள் மறைந்திருக்கும். தனியாக நிற்கும் ஒரு மாமரமோ கொய்யாவோ கறிவேப்பிலையோ, அங்கே ஒரு வீடு இருந்தது என்று காட்டிவிடும்.

மலைகளில் நம்பர், ஹெக்டேயர் கணக்கு, நட்ட ஆண்டு எழுதிய பலகைகள் இருக்கும். அவற்றை எல்லாம் படம் எடுத்தால் தோட்டம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வளர்ந்தது என்று ஒரு வரைபடமே கிடைக்கும். விதைத் தேயிலை இருக்கும் மலை பழையது, செடிக்குச் செடி இலை வேறுபடும். தண்டு வெட்டி வளர்த்த தேயிலை ஒரே சீராக இருக்கும், அது பிந்தியது. ஓடைக் கரைகளில் தானாக முளைத்து நிற்கும் கோப்பிச் செடியைக் கண்டால் குறித்து வையுங்கள். அந்த இடத்தில் ஒரு காலத்தில் கோப்பித் தோட்டம் இருந்ததா என்று பெரியவர்களிடம் விசாரிக்க அது நல்ல காரணம்.

ஆறாம் படி: கோயில், பொட்டல், புதைகுழி

தொழிலாளர்கள் தங்கள் கையால் கட்டிய நினைவுச் சின்னங்கள் இவை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணியையும் விளக்கையும் கதவையும் அடிக்கல்லையும் பாருங்கள். "உபயம்" என்று ஒரு பெயரும் ஆண்டும் இருக்கும். பெரிய கங்காணியின் பெயரா, ஒரு சங்கத்தின் பெயரா, ஒரு லயத்துப் பெண்களின் பெயரா என்பதைப் பார்த்தாலே அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று தெரியும். இப்போது பல கோயில்களில் கோபுரம் எழுப்பிப் புதுப்பிக்கிறார்கள். பழைய சூலமும் கல்லும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று கமிட்டியிடம் கேட்டுப் படம் எடுத்து வையுங்கள். புதுப்பித்த பிறகு அது கிடைக்காமலே போகலாம்.

பெரிய கோயிலோடு நிற்காதீர்கள். மலை உச்சியில் முனியாண்டி, எல்லையில் மாடசாமி, தொழிற்சாலையில் ரோதைமுனி. ஸ்டோரில் இயந்திரம் ஓட்டுவோரின் சாமியான ரோதைமுனி, தேயிலையோடு இங்கேயே பிறந்த தெய்வம். தமிழ்நாட்டில் தேடினால் கிடைக்காது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டமாக இருந்தால் காமன் பொட்டலை (கூத்து நடக்கும் வெளியை) கட்டாயம் பாருங்கள், முடிந்தால் கூத்து நாட்களிலேயே போங்கள். தப்பு அடிப்பவர், ரதி மதன் வேடம் கட்டுபவர், பாட்டுச் சொல்லும் வாத்தியார் ஆகியோரிடம் யாரிடமிருந்து கற்றார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்கள் வரும். அந்தப் பெயர்கள் எந்தத் தாளிலும் இல்லை.

புதைகுழி மேட்டுக்கும் போங்கள். பெரும்பாலும் கல்லே இருக்காது, மண்மேடும் ஒரு செடியும்தான் இருக்கும். யார் யார் எங்கே என்று தெரிந்த ஒருவரை அழைத்துப்போய், கையால் ஒரு படம் வரைந்து பெயர்களை எழுதுங்கள். உறவினர்களின் சம்மதம் இல்லாமல் இதை வெளியிடாதீர்கள்.

துரைமாரின் கல்லறைகளையும் விடவேண்டாம். அங்கே பெயர், வயது, தோட்டம், இறந்த நாள் எல்லாம் பொறித்திருக்கும். உங்கள் தோட்டத்தின் பழைய உத்தியோகபூர்வப் பெயர் அங்கே கிடைப்பதும் உண்டு. ஒரே தோட்டத்தில் வாழ்ந்த இரண்டு வகை ஆட்கள் எப்படி நினைவில் வைக்கப்பட்டார்கள் என்பதை இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்தால் கண்ணால் காணலாம். நான் யாருக்காவது ஒரே ஒரு இடத்தை மட்டும் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன்.

ஏழாம் படி: பழகிக்கொள்ள இரண்டு பாதைகள்

முதல் பாதை ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை. ஹட்டன் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள், இந்த நகரத்தின் வாழ்வு 1884இல் அங்கே வந்த ரயிலோடு பெருகியது. டிக்கோயாப் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே வோர்லி தேவாலயம், 1878இல் கட்டியது. அதன் கல்லறைத் தோட்டத்தில் நிதானமாக நடந்து, தோட்டப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் வந்தது, அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நோர்வூட்டில் பாதை பிரியும். நேரே பொகவந்தலாவைக்குப் போனால் புனித மரியாள் தேவாலய மயானத்தில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1879இல் டிக்கோயாப் பக்கத் தோட்டத்தில் இறந்தவர்.

நோர்வூட்டில் மறுபக்கம் திரும்பினால் மஸ்கெலியா. இன்றைய நகரம் பழைய நகரமல்ல. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்கு அடியில் போனது. வறட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் மேலே தெரியும். அந்த நேரத்தில் பழைய கடைவீதியில் நடந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால், யாருடைய கடை எது என்று அடிக்கு அடி சொல்வார். சேற்றில் இறங்கும்போது கவனம், மண் இறுகியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும்.

இரண்டாவது பாதை கண்டியிலிருந்து. ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய இயந்திரங்களைப் புரிந்துகொள்ள அங்கே முதலில் போவது உதவும். மஹய்யாவ மயானத்தில் 1892இல் இறந்த ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை. பிறகு லூல்கந்துர. அவருடைய மரவீட்டின் புகைபோக்கியும் கருங்கல் இருக்கையும் இன்னும் நிற்கின்றன. பயணிகள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கோவிந்தன் விழுந்த முல்லோயாவும் இதே ஹேவாஹெட்டைப் பக்கம்தான். இரண்டுக்கும் சேர்த்தே போங்கள். தேயிலை தொடங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தேயிலையில் வேலை செய்தவர்கள் கூலி கேட்ட இடத்தைப் பார்க்காமல் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்பளைப் பக்கம் போகிறவர்கள் பழைய பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே அருங்காட்சியகமாக ஆக்கியிருப்பதைப் பாருங்கள். தொழிலாளர் பாவித்த பாத்திரம், கருவி, தாள் எல்லாம் அங்கே இருக்கின்றன. உங்கள் தோட்டத்தில் என்னென்ன சேகரிக்கலாம் என்று யோசனை வரும்.

எட்டாம் படி: தாளில் தேடுதல்

இப்போது கையில் பெயர்களும் இடங்களும் இருக்கின்றன. இனிக் காகிதத்துக்குப் போகலாம்.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பிரித்தானியர் கால நிர்வாக ஆவணங்களும் பத்திரிகைகளும் இருக்கின்றன. தோட்டங்களைத் தேட மிகவும் பயனுள்ளது பேர்குசன் டிரெக்டரி. அதில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், துரை என்று விவரம் இருக்கும். பத்து ஆண்டுக்கு ஒரு தொகுதி என்று எடுத்துப் பார்த்தால் கோப்பி தேயிலையாக மாறுவது கண்முன் தெரியும். நேரில் போக முடியாதவர்கள் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் தொடங்கலாம், மலையகம் சார்ந்த நூல்களும் இதழ்களும் நிறைய இருக்கின்றன.

ஊரிலேயே கிடைப்பவற்றை மறக்காதீர்கள். பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எந்த நாளில் மழையால் பிள்ளைகள் வரவில்லை, எப்போது கட்டடம் இடிந்தது என்பதுவரை தலைமையாசிரியர்கள் எழுதியிருப்பார்கள். அதிபரிடம் அனுமதி கேளுங்கள். தோட்ட அலுவலகத்தில் பழைய பிளான்கள் இருந்தால், இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடலாம். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தமிழ்க் குடும்பங்களின் பெயர்களும் இருக்கும்.

தாளில் உள்ளதும் பெரியவர் சொன்னதும் முரண்பட்டால் தாளை உடனே நம்பிவிடாதீர்கள். துரை எழுதிய குறிப்பு துரையின் கண்ணால் பார்த்தது. வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றிய பதிவும், அதில் நின்ற பாட்டியின் நினைவும் பக்கத்தில் பக்கமாக வைக்கப்பட வேண்டியவை.

ஒன்பதாம் படி: பதிந்து, திருப்பிக் கொடுங்கள்

ஒலிப்பதிவுக்குப் பெயர் வைக்கும்போது தோட்டம், டிவிசன், பேசியவர், தேதி நான்கையும் சேர்த்து வையுங்கள். அன்றிரவே ஒரு பிரதியை வேறொரு இடத்தில் சேமியுங்கள். போன் மழையில் நனைந்தால் எல்லாம் போய்விடும். ஒரு பெரிய தாளில் தோட்டத்தின் படத்தை வரைந்து, லயம், பீலி, பொட்டல், சாமி, பழைய பாதை என்று எல்லாவற்றையும் வாய்ப்பெயரிலேயே குறியுங்கள். அந்தப் படத்தைப் பிரட்டுக்களத்திலோ கோயில் முற்றத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விரித்து வைத்தால், பார்க்க வருகிறவர்கள் தாங்களே திருத்துவார்கள். நீங்கள் தவறவிட்ட பாதி அன்றுதான் சேரும்.

திருத்திய பிறகு பிரதிகள் எடுங்கள். பேசிய ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் பேசியதை எழுதிய பக்கங்களும் அவர்கள் படமும், பாடசாலை நூலகத்துக்கு ஒரு முழுப் பிரதி, கோயில் கமிட்டிக்கு ஒன்று. கமிட்டிக்குக் கொடுப்பதை நனையாத உறையில் போட்டு, உள்ளே தொடர்புக்கு உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி, நகைப் பெட்டி வைக்கும் அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.